இருவர் தூக்க வேண்டிய பெட்டி

— இன்னொரு தடவை வாசி பாப்பா. முதல்ல வாசிச்சது காதுல ஏறல.

— "சுமையைத் தூக்கும் பணியாளர், தூக்குவதற்கு முன் அதன் தன்மையை ஆராய்கிறாரா?" ஆம், இல்லை, சில நேரங்களில். மூணுல ஒண்ணு சொல்லுண்ணே.

— ஆராயறதுன்னா?

— தூக்கறதுக்கு முன்னாடி பெட்டியைப் பார்ப்பியான்னு கேக்கறாங்க.

— பார்க்காம? கண்ணை மூடிக்கிட்டா தூக்கறேன்? நான் சொல்றேன் கேளு, இந்தக் கேள்வியை எழுதினவன் வாழ்க்கையில ஒரு தலையணையைக்கூடத் தூக்கினவன் இல்லை.

— "ஆம்." எழுதிக்கிட்டேன்.

— என்ன மச்சான் நடக்குது இங்க? வாசல்ல நாப்பது பெட்டி கிடக்குது, அண்ணனும் தங்கச்சியும் பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கீங்க.

— வாங்க மாப்பிள்ளை. உங்க வீட்டுக்காரி பெரிய ஆளாயிட்டா. நேத்து ஒரு நாள் டிரெயினிங் போயிட்டு வந்தவ, இன்னிக்கு என்னை 'பணியாளர்'ங்கறா. நான் உள்ள நுழைஞ்சா ஸ்டூலைக் கையால காட்டறா, உக்காருன்னு.

— அது கிடக்கட்டும். ஏம்மா, விடியறதுக்குள்ள கொடவுனைத் திறக்கணும்னு என்னைத் தூங்க விட்டுட்டு ஓடி வந்தியே, இதை எழுதத்தானா?

— நீங்களும் உக்காருங்க. ரெண்டு பேரையும் வச்சுத்தான் எழுதணும். கையால கனம் தூக்கற வேலையில என்னென்ன ஆபத்து இருக்குன்னு பார்த்து எழுதித் தரணுமாம். இன்ஷூரன்ஸ்காரங்க கேட்டிருக்காங்க. பன்னெண்டு மணிக்கு மேனேஜர் வந்து தாளை வாங்கிட்டுப் போவாரு.

— தூக்கறது நாங்க ரெண்டு பேரு. டிரெயினிங்குக்கு ஸ்டோர் கிளார்க்கு போறாளா?

— என் கையெழுத்து நல்லா இருக்குன்னு அனுப்பினாங்க.

— சரி, கையெழுத்து நல்லா இருக்கறவ என்ன கத்துக்கிட்டு வந்தே?

— முட்டியை மடக்கணும், முதுகை நேரா வைக்கணும், பெட்டியை உடம்போட ஒட்டிப் பிடிக்கணும். திரும்பும்போது இடுப்பை முறுக்கக் கூடாது, காலை நகர்த்தித் திரும்பணும்.

— இவ்வளவுதானா? இதுக்கு ஒரு நாளா?

— மத்தியானம் படம் போட்டுக் காட்டினாங்க. ஒரு எலும்புக்கூடு பெட்டி தூக்குச்சு.

— எலும்புக்கூட்டுக்கு என்ன பாப்பா, சதையா நரம்பா? அது நாள் பூரா தூக்கும்.

— அண்ணே, பேச்சைக் குறை. பேர் எழுதற இடம் வந்திருக்கு. "பணியாளர் ஒன்று, பணியாளர் இரண்டு." உன்னை ஒண்ணுன்னு போட்டுக்கறேன். அவரு ரெண்டு.

— அது எப்படி? நான் எதுல ரெண்டாவது?

— மாப்பிள்ளை, வயசுல.

— வயசு யாரு கேட்டா? பெட்டி தூக்கும்போது முன்னால நடக்கறது நான். நீங்க பின்னாடி வர்றீங்க.

— முன்னால நடக்கறவருக்கு வழியைப் பார்க்கற வேலை. பின்னாடி வர்றவனுக்குத்தான் பெட்டியைப் பார்க்கற வேலை.

— எழுதிட்டேன். அண்ணன் ஒண்ணு, நீங்க ரெண்டு. மேல போகலாம். "சுமையின் எடை பெட்டியின் மீது தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளதா?"

— குறிச்சிருக்கே. சாக்பீஸ்ல பெருசா.

— 'மாமியார்'னு குறிச்சிருக்கு. அதை நான் எப்படிங்க கிலோவுல எழுதறது?

— முப்பது கிலோன்னு எழுது. மாமியார்னா முப்பதுக்கு மேல, தனியாத் தொடக் கூடாது, ரெண்டு ஆள் வேணும். நான் வச்ச குறிதான் அது, எனக்குத் தெரியாதா?

— எனக்கு அதுல ஒரு வருத்தம் பாப்பா, இத்தனை வருஷமா சொல்லல. நம்ம அம்மா வாசல்ல உக்காந்து கீரை ஆய்ஞ்சா காத்துல பறந்துடுவா. அவளைப் போய் முப்பது கிலோப் பெட்டிக்கு வச்சிருக்காரு.

— மச்சான், உங்கம்மாவைச் சொல்லல. பொதுவா மாமியார்னா கனம்.

— பொதுவாச் சொல்றதுக்கு உங்களுக்கு எத்தனை மாமியார் மாப்பிள்ளை?

— நீங்க மட்டும்? 'மாப்பிள்ளை'ன்னு ஒரு குறி வச்சீங்களே, என்ன அர்த்தம் அதுக்கு? ஆபீசரம்மாவுக்குச் சொல்லுங்க.

— பார்க்கப் பெருசா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. எழுதிக்கோ பாப்பா.

— எழுதிக்கிட்டேன். 'சம்பந்தி'?

— எங்க பிடிக்கறதுன்னே தெரியாது. கைப்பிடி இருக்காது, நாலு பக்கமும் வழவழன்னு இருக்கும்.

— 'சித்தப்பா'?

— அடிப்பக்கம் நம்ப முடியாது. பாதி வழியில எல்லாத்தையும் கொட்டிட்டு நிக்கும். நம்ம சித்தப்பாவை நினைச்சுத்தான் வச்சேன், அதுல தப்பே இல்லை.

— ஏம்மா, இதெல்லாம் உனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா காலையில வந்து பெட்டி மேல குறி எழுதறதே நீதானே. முன்னே நான் மூலையைத் தூக்கிப் பார்த்து எழுதுவேன். இப்ப நாங்க வர்றதுக்குள்ள எழுதி வச்சிடறே. வர வர எல்லாப் பெட்டியும் மாமியாராவே இருக்கு.

— ஆபீசுங்க இப்பல்லாம் நம்மகிட்ட வைக்கக் கொடுக்கற பழைய காகிதத்தை அமுக்கித் திணிச்சு அனுப்பறாங்க, அதான். விடுங்க. "பணியிடச் சூழல். படிகள் எத்தனை? நல்ல நிலையில் உள்ளனவா?"

— பதினொரு படி. காலுக்குப் பத்து.

— புரியல அண்ணே.

— நாலாவது படி உடைஞ்சிருக்குல்ல. அதுல நாங்க மிதிக்க மாட்டோம்.

— எப்ப உடைஞ்சது?

— உனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி. மாப்பிள்ளையை முதமுதல்ல இங்க வேலைக்குச் சேர்த்தப்ப நான் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான். நாலாவதைத் தாண்டுன்னு.

— அதுக்கப்புறம் என் காலு எங்க போனாலும் நாலாவது படியைத் தாண்டுது. கல்யாண மண்டபத்துலகூட.

— "ஒரு படி பழுது. பணியாளர்கள் பழகிவிட்டனர்." அடுத்தது உடம்பு. "பணியாளருக்கு முதுகு, இடுப்பு—"

— இல்லை.

— இல்லை.

— நான் கேள்வியையே முடிக்கல.

— எதுக்கு முடிக்கணும்? எங்க ரெண்டு பேருக்கும் இல்லை. மாப்பிள்ளை, உங்களுக்கு உண்டா?

— எனக்கேது? உங்களுக்கு உண்டா மச்சான்?

— எனக்கேது?

— ரெண்டு பேரும் கேளுங்க. விளையாட்டு இல்லை இது. வலி இருக்கற ஆளோட பேரை இந்தக் கட்டத்துல எழுதணும். எழுதினா வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து அவரைத் தூக்கற வேலையிலேர்ந்து எடுத்துட்டு ஊர்க்கோடி கொடவுனுக்கு அனுப்பிடுவாங்க. கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுதற வேலை.

— ரெண்டு பஸ் மாறிப் போகணும் அதுக்கு. ஒரு ஈ காக்கா இருக்காது. போன தடவை போனவன், மூணாவது மாசம் கேட்டோட பேச ஆரம்பிச்சுட்டான்.

— அதனால கட்டத்தைக் காலியா விட்டுடு பாப்பா. முடிஞ்சுது.

— விட முடியாதுண்ணே. மேனேஜர் சொல்லிட்டாரு. "பெட்டி பெட்டியா நடுவுல கிழிஞ்சு வருது, போன வாரம் ரெண்டு பேரும் பெட்டியோட தூண்ல போய் முட்டினாங்க, ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, யாருன்னு நீ எழுது. எழுதலேன்னா டாக்டரை அனுப்பி ரெண்டு பேரையும் பார்க்கச் சொல்வேன்"னு. டாக்டர் வந்தா ரெண்டு பேரும் போயிடுவீங்க. ஒரு பேரையாவது நான் எழுதியாகணும். ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், ஒரு பக்கம் கட்டினவரு. நேத்து ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

— எனக்கும் இல்லை. நீ புரண்டுக்கிட்டே இருந்தே.

— அண்ணே, நீ கொஞ்சம் மேல போய் மூணாவது ரேக்குல எத்தனை பெட்டின்னு எண்ணிட்டு வா. தாள்ல கேட்டிருக்கு.

— நீ போய் எண்ணேன்.

— நான் எழுதிக்கிட்டு இருக்கேன்ல.

— பெரிய எழுத்து. போறேன், போறேன்.

— போயிட்டாரா? நாலாவது படியைத் தாண்டற சத்தம் கேட்டுச்சு. ஏம்மா, கிட்ட வா.

— நீங்க வாங்க.

— சரி, ஆபீசரம்மாகிட்ட நானே வர்றேன். இங்க பாரு, நான் சொல்றது வெளியில போகக் கூடாது. உன் அண்ணனுக்கு இடுப்பு போயிடுச்சு.

— எப்படித் தெரியும்?

— ரெண்டு வருஷம் இருக்கும். படியில பாதி வழியில உக்காந்துட்டாரு. என்ன மச்சான்னேன், ஷூ லேஸைக் கட்டறேன்னாரு. போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நல்லா இறுக்கிக் கட்டுங்கன்னு சொல்லிட்டு நின்னேன். மனுஷன் மானத்தோட இருக்கணும் இல்லையா? அன்னையிலேர்ந்து நான்தான் தூக்கறேன். வெளிப்பார்வைக்கு ரெண்டு பேர். ஆனா பெட்டியை என் பக்கமா இழுத்துக்குவேன். அவர் கை சும்மா ஒப்புக்குக் கூட வரும். இறக்கி வச்சதும் 'அப்பாடா'ம்பாரு பாரு, எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்குவேன்.

— உங்க முதுகு?

— எனக்கென்ன?

— தினம் ராத்திரி யாருக்கு நான் தைலம் தேய்க்கறேன்?

— அது சும்மா. அந்த வாசனை எனக்குப் பிடிக்கும்.

— அப்ப அண்ணன் பேரை எழுதவா?

— எழுதாதே. அதுக்குத்தானே இவ்வளவும் சொல்றேன். அவர் கேட்டுல உக்காந்தா ஆறு மாசத்துல ஒடிஞ்சு போயிடுவாரு. யாருக்கும் வலி இல்லை, நான் இருக்கேன், நான் பார்த்துக்கறேன். உஸ், இறங்கறாரு.

— அறுபத்தி நாலு. எண்ணிட்டேன். அம்மாடி, முன்னே இந்த ரேக்குல முப்பது பெட்டி இருக்கும், இப்ப நிக்க இடமில்லை.

— என்னங்க, கேட்டுல அளவு நாடா மாட்டியிருக்கும். கொண்டு வாங்க, கதவு அகலம் அளக்கணும்.

— கதவு என்ன வளர்ந்துடுச்சா? சரி, போறேன்.

— பாப்பா, அவர் போற நடையைப் பாரு. பார்த்தியா?

— என்னத்தைண்ணே?

— ஒரு பக்கமாச் சாயறாரு. நீ கட்டினவ, உன்கிட்ட மறைச்சிருப்பாரு. நான் சொல்றேன் கேளு, மாப்பிள்ளைக்கு முதுகு சரியில்லை. தும்மல் வந்தா தூணைத் தேடிப் போய்ப் பிடிச்சுக்கறாரு. தூண் இல்லாத இடத்துல தும்மறதே இல்லை.

— நீ அவர்கிட்ட கேட்டியா?

— கேப்பாங்களா? தங்கச்சியைக் கொடுத்த இடம். மாப்பிள்ளையைப் பார்த்து உங்களுக்கு முடியலையான்னு எப்படிக் கேக்கறது? நான் பாட்டுக்குப் பெட்டியை என் பக்கம் இழுத்துக்குவேன். அவரு சும்மா தொட்டுக்கிட்டு முன்னால நடப்பாரு, ராஜா மாதிரி.

— ஓ. நீயும் இழுத்துக்கறியா?

— நீயும்னா?

— ஒண்ணுமில்ல. ஒரு பெட்டியை ரெண்டு பக்கமும் இழுத்தா என்ன ஆகும்னு யோசிச்சேன்.

— கிழியும்.

— ஆமா. நடுவுல.

— அட்டை இப்பல்லாம் சரியில்லை பாப்பா, அதை எழுது. மாப்பிள்ளை பேரை மட்டும் எழுதிடாதே. பஸ்ல ரெண்டு மணி நேரம் குலுங்கினா அந்த முதுகு என்னத்துக்கு ஆகும்? அப்புறம் உன்னை யார் பார்ப்பா?

— உன் இடுப்பு எப்படி இருக்கு?

— கல்லு.

— அண்ணி வேற மாதிரி சொன்னா.

— அவ சொல்வா. அவளுக்கு நான் குனிஞ்சு கட்டிலுக்கு அடியில பெருக்கித் தரலேன்னு கோபம்.

— இந்தாம்மா நாடா. ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு? நான் வந்ததும் நிறுத்திட்டீங்க.

— நிறுத்தல. எழுதினதை வாசிக்கறேன், ரெண்டு பேரும் கேளுங்க. "பணியாளர் ஒன்று கூறியது: பணியாளர் இரண்டுக்கு முதுகு வலி. இரண்டு ஆண்டுகளாக முழு எடையையும் தானே தாங்கி வருகிறார். பணியாளர் இரண்டு கூறியது: பணியாளர் ஒன்றுக்கு இடுப்பு வலி. இரண்டு ஆண்டுகளாக முழு எடையையும் தானே தாங்கி வருகிறார்."

— மச்சான்.

— மாப்பிள்ளை.

— நீங்க என்னைப் பத்திப் புகார் எழுதிக் கொடுத்தீங்களா?

— நீங்க மட்டும் என்னவாம்? ஏன் பாப்பா, எழுதாதேன்னு சொன்னதை எழுதி, அதை வாசிச்சும் காட்டுவியா?

— பின்ன எப்படி நான் முடிவு பண்றது? ரெண்டு பேரும் முழு எடையும் நான்தான்னு சொல்றீங்க. ஒரு பெட்டிக்கு எத்தனை முழு எடை இருக்கும்?

— நான் என் பக்கம் இழுத்தேன் மச்சான்.

— நானும்தான் இழுத்தேன். அதான் அன்னைக்குத் தூண்ல போய் முட்டினோமா?

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. எனக்கு அழுகைதான் வருது. பாப்பா, என் பேரை எழுது. நான் மூத்தவன், நானே போறேன் கேட்டுக்கு. வலி இருக்கு. ஒத்துக்கறேன்.

— எழுதாதேம்மா. என் பேரை எழுது. எனக்கும் இருக்கு. தைலம் வாசனைக்கு இல்லை.

— மாப்பிள்ளை, நீங்க சும்மா இருங்க.

— நீங்க சும்மா இருங்க மச்சான். உங்களால அந்த கேட்டுல தனியா உக்கார முடியாது. யாரோட சண்டை போடுவீங்க? காலையில வந்ததும் என்னை நாலு வார்த்தை திட்டலேன்னா உங்களுக்கு வேலை ஓடாது.

— இங்க மட்டும் நீங்க யாரோட தூக்குவீங்க?

— அதான் எனக்கும் பயமா இருக்கு. இருபத்திரெண்டு வருஷமா உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் தூக்கறேன். நீங்க கண்ணை இடுக்கினா படி வருதுன்னு அர்த்தம், வாயைக் கோணினா நிறுத்தணும்னு அர்த்தம். வேற ஒருத்தன் மூஞ்சி எனக்குப் படிக்கத் தெரியாது.

— விடுங்க மாப்பிள்ளை. பாப்பா கண்ணைத் துடைக்கறா பாருங்க.

— தூசிண்ணே. பழைய காகிதம்.

— மணி பதினொண்ணேகால் ஆச்சு. ஒரு வழி சொல்றேன். யாருக்கு முடியுதோ அவன் இங்க இருக்கட்டும், முடியாதவன் கேட்டுக்குப் போகட்டும். ஆளுக்கு ஒரு மாமியார் பெட்டியைத் தனியாத் தூக்கிப் பார்த்துடலாம்.

— வேண்டாங்க.

— ஏன் வேண்டாம்?

— தனியாத் தூக்கக் கூடாதுன்னு இந்தத் தாள்லயே போட்டிருக்கு.

— சரியான யோசனை மாப்பிள்ளை. நாற்காலிக்கு முன்னாடியே வச்சுத் தூக்குவோம், ஆபீசரம்மா கண்ணால பார்த்து எழுதட்டும். பெரியவன் நான் முதல்ல. இதோ, 'மாமியார்', சாக்பீஸ் பொடிகூட இன்னும் உதிரல.

— அண்ணே, வேண்டாம்னு சொல்றேன்ல.

— முட்டியை மடக்கிட்டேன். முதுகு நேரா. எலும்புக்கூடு மாதிரி. ஒண்ணு, ரெண்டு…

— மச்சான். மெதுவா.

— வந்துடுச்சு.

— என்னது?

— மாப்பிள்ளை, வந்துடுச்சு. நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. எனக்கு வலு திரும்பிடுச்சு.

— கீழே வைங்க, நானும் பார்க்கறேன். தள்ளுங்க. ஏ அப்பா, எனக்கும் வருதே. ஏம்மா, பாரு, ஒத்தைக் கையில. இத்தனை நாளா நமக்கு வலின்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம் மச்சான். எல்லாம் மனசுதான்.

— இன்னொரு மாமியாரைக் கொண்டாங்க. ரெண்டையும் அடுக்கித் தூக்கறேன்.

— அண்ணே, அதை வை. இடுப்பு பிடிச்சுக்கப் போகுது.

— அம்மா.

— பிடிச்சுக்கிச்சா?

— கொஞ்சம்.

— உக்காருங்க மச்சான். மூச்சு விடுங்க. ரெண்டு பெட்டி தூக்க முடியலை, ஆனா ஒண்ணு இவ்வளவு லேசா எப்படி வந்துச்சு? முப்பது கிலோ இப்படி வராதே. அந்தத் தராசு எங்க? மேடையில வைக்கறேன். ஏம்மா, நீ வாசி, என் கண்ணாடி இல்லை.

— பதினாலு.

— முப்பத்தி நாலா?

— பதினாலுங்க.

— தராசு கெட்டுப் போச்சு. இல்லேன்னா மாமியார் இளைச்சுட்டாங்க.

— தராசு நல்லா இருக்கு. நான்தான்.

— நீதான் என்ன?

— லாரிக்காரங்க சாயங்காலம் வாசல்ல பெட்டியை இறக்கிட்டுப் போறாங்கல்ல. அது முப்பது, முப்பத்திரெண்டு கிலோதான். காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் வந்து ஒவ்வொண்ணையும் பிரிச்சு, பாதிக் காகிதத்தை எடுத்து வேற அட்டைப் பெட்டியில போட்டு ஒட்டிடுவேன். ஒண்ணு ரெண்டாயிடும். ரெண்டு மேலயும் மாமியார்னு எழுதிடுவேன்.

— எதுக்கும்மா மாமியார்னு எழுதணும்?

— லேசுன்னு எழுதினா நீங்க தனித்தனியா ரெண்டு ரெண்டு பெட்டியா அடுக்கித் தூக்குவீங்க. இப்ப அண்ணன் செஞ்சாப்பல. மாமியார்னு எழுதினாத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணைத் தொடுவீங்க.

— அதான் ரேக்குல அறுபத்தி நாலு பெட்டியா? அதான் நடை ரெட்டிப்பாச்சா? நான் ஏதோ வியாபாரம் பெருகுதுன்னு நினைச்சேன்.

— இரு பாப்பா. ரெண்டு வருஷமா நாங்க முக்கி முனகித் தூக்கினதெல்லாம்…

— ஏழு ஏழு கிலோண்ணே. ஆளுக்கு.

— ஏழு கிலோவுக்கா நான் 'அப்பாடா'ன்னேன்?

— எழுதியிருக்கறதைப் பார்த்தே உங்களுக்கு மூச்சு வாங்கும். பார்க்கவே பாவமா இருக்கும்.

— மச்சான், இதை வெளியில சொல்லக் கூடாது.

— செத்தாலும் சொல்ல மாட்டேன். ஏன் பாப்பா, ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமில்ல?

— உன் இடுப்பு வலியை நீ சொன்னியா? அவர் சொன்னாரா? உங்க ரெண்டு பேருக்குத்தான் மானம் இருக்கணும், மறைக்கத் தெரியணும்னு இருக்கா?

— அது சரி. கோபப்படாதே. தாள்ல என்ன எழுதப் போறே?

— எழுதியாச்சு. "இனி பதினைந்து கிலோவுக்கு மேல் உள்ள பெட்டிகளை அனுப்பும் அலுவலகங்களிடமிருந்து வாங்கக் கூடாது. நாலாவது படியைச் சரி செய்ய வேண்டும். இரு பணியாளர்களும் பதினைந்து கிலோ வரை ஒன்றாகத் தூக்க ஏற்றவர்கள், பிரிக்கக் கூடாது."

— பிரிக்கக் கூடாதுன்னு போட்டியா?

— போட்டேன்.

— நல்ல கையெழுத்து மச்சான் உங்க தங்கச்சிக்கு.

— எங்க குடும்பத்துல எல்லாருக்குமே அப்படித்தான். ஆனா பாப்பா, அந்தக் கட்டம்? காலியா விட்டா டாக்டரை அனுப்புவேன்னாரே. ஒரு பேராவது வேணுமே அதுல.

— அதுவும் எழுதிட்டேன்.

— யாரு? என்னையா?

— என்னையாம்மா?

— வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது, மேனேஜராத்தான் இருக்கும். ரெண்டு பேரும் இப்படி வாங்க. அண்ணே நீ அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம். முட்டியை மடக்குங்க. முதுகு நேரா இருக்கட்டும். யாரும் தன் பக்கம் இழுக்காதீங்க.

— எதைத் தூக்கணும்? பெட்டியெல்லாம் அந்தப் பக்கம்ல கிடக்குது.

— என்னைத்தான், காலையில கடைசிப் பெட்டியைப் பிரிக்கக் குனிஞ்சப்ப இடுப்பு பிடிச்சுக்கிச்சு, எப்படியோ தாவி இந்த நாற்காலியில விழுந்தேன், அதுலேர்ந்து எந்திரிக்க முடியல, அந்தக் கட்டத்துல என் பேரைத்தான் எழுதியிருக்கேன்.